‘தடம் விடாதீர்’: ஏழு விதிகளும் ஒரு கணக்கும்



சுற்றுலா போகும் பழக்கம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால், ‘இயற்கைக்குத் தீங்கில்லாத பயணம்’ என்ற சொற்றொடரை எங்காவது கேட்டிருப்பீர்கள். மலையேறும் சங்கங்களும் பள்ளிகளின் பசுமை மன்றங்களும் விடுதி விளம்பரங்களும் இன்று இதைத்தான் பேசுகின்றன. பேச்சுக்கு ஆதாரமாகப் பெரும்பாலோர் எடுத்துக்காட்டுவது அமெரிக்காவிலிருந்து வந்த ஏழு விதிகளை. ‘தடம் விடாதீர்’ என்பது அவற்றின் பொதுப்பெயர். அந்த விதிகளை நானும் என் மாணவர்களும் மனப்பூர்வமாக நம்பி, தமிழில் எழுதி, வகுப்பறைச் சுவரில் தொங்கவிட்டவர்கள்தாம். அவற்றைப் பின்பற்றிக் கூரத்துக்கு ஒரு பயணமும் போய்வந்தோம். திரும்பி வந்து போட்ட கணக்குத்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

முதலில் விதிகளைப் பார்ப்போம். முன்கூட்டியே திட்டமிட்டு ஆயத்தமாக வா, உறுதியான தரையிலே நடந்து அத்தகைய தரையிலேயே தங்கு, கழிவை முறையாக அகற்று, கண்ட பொருளைக் கண்ட இடத்திலேயே விட்டுவிடு, தீயால் விளையும் கேட்டைக் குறை, காட்டுயிர்களை மதி, உடன் வந்திருக்கும் பிறரை எண்ணி நட. இவ்வளவுதான். இவற்றில் ஒன்றையாவது தவறு என்று சொல்ல முடியுமா? முடியாது. அமெரிக்கக் காடுகளில் 1960-களுக்குப் பிறகு முதுகுப்பை சுமந்து வருவோர் கூட்டம் பெருகிற்று. அதற்கு முன்பு காட்டில் தங்குபவன் கிளைகளை வெட்டிப் படுக்கை செய்துகொள்வான், மரத்தைச் சாய்த்துத் தீ மூட்டுவான். அது அக்காலத்துக் ‘காட்டுக் கலை’. ஆயிரம் பேர் வரும் இடத்தில் ஆயிரம் பேரும் அப்படிச் செய்தால் காடு என்னாவது? ஆகவே விதிகள் தேவைப்பட்டன. 1994-இல் இதற்கென்றே கொலராடோ மாநிலத்தில் ஓர் அமைப்பும் தோன்றியது. விதிகள் பிறந்த இடத்தில் அவை நன்மையே செய்தன.

என் குறை வேறு. விதிகள் எதை எண்ணுகின்றன, எதை எண்ணாமல் விடுகின்றன என்பதுதான் என் கேள்வி.

இயற்பியல் படித்த வாசகர்களுக்கு இது எளிதில் விளங்கும். வெப்ப இயக்கவியலில் எந்தக் கணக்கைத் தொடங்கினாலும் ஆசிரியர் கரும்பலகையில் முதலில் என்ன செய்வார்? ஒரு புள்ளிக் கோட்டை வரைவார். ‘இந்தக் கோட்டுக்கு உள்ளே இருப்பது நமது தொகுதி, வெளியே இருப்பது சூழல்’ என்பார். கோட்டை எங்கே வரைகிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமையும். குளிர்பதனப் பெட்டியின் உட்புறத்தை மட்டும் சுற்றிக் கோடு வரைந்தால் அது வெப்பத்தை அழிக்கும் மாயப் பெட்டியாகத் தோன்றும். அறையையும் சேர்த்து வரையுங்கள். அது அறையைச் சூடாக்கும் கருவி என்பது தெரியும்! ஏழு விதிகளும் தம் கோட்டை முகாமைச் சுற்றி வரைகின்றன. முகாமிட்ட தரையில் தடம் இல்லையென்றால் ‘தடமில்லை’ என்று முடிவுகட்டிவிடுகின்றன. முகாமுக்கு எப்படி வந்தோம், எவற்றைச் சுமந்து வந்தோம், அவை எங்கே, எவ்வளவு ஆற்றலைத் தின்று உருவாயின என்பதெல்லாம் கோட்டுக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கிரிகரி சைமன், பீட்டர் அலகோனா என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2009-இல் இதே குறையை எடுத்துக்காட்டி எழுதினார்கள். காட்டில் கிளை வெட்டுவதை நிறுத்தியவன், அதற்கு ஈடாகத் தொழிற்சாலைப் பொருள்களை வாங்கிக் குவிக்கிறான். இங்கே விழாத தடம் வேறெங்கோ விழுகிறது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். படித்தபோது, ‘இது பணக்கார நாட்டுச் சிக்கல், நமக்கென்ன?’ என்றுதான் நினைத்தேன். கூரம் என் நினைப்பை மாற்றியது.

கூரம், காஞ்சிபுரத்தையடுத்துப் பத்துக் கிலோமீட்டர் அளவில் உள்ள சிற்றூர். பட்டும் கோயிலும் பார்க்க வருகிற கூட்டம் காஞ்சியோடு நின்றுவிடும். இங்கே வருபவர் குறைவு. இராமானுசரின் சீடரான கூரத்தாழ்வான் பிறந்த ஊர் என்பதால் வைணவர்கள் வருவார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவனின் செப்பேடுகள் இவ்வூர்ப் பெயராலேயே வழங்குவதால் வரலாற்று மாணவர்கள் வருவார்கள். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள பழைய நடராசர் செப்புத் திருமேனி ஒன்றும் இவ்வூரிலிருந்து போனதுதான். அமைதியான ஊர், வயல், ஏரி, தோப்பு. எங்கள் கல்லூரி வெளியுலாச் சங்கத்தின் முதல் ‘பசுமைப் பயண’த்துக்கு வேறென்ன வேண்டும்?

சென்ற ஆண்டு தை மாதம் புறப்பட்டோம். மாணவர் இருபத்துநால்வர், ஆசிரியர் இருவர். இரண்டு வேன்கள். ஆளுக்கொரு புதிய எவர்சில்வர் தண்ணீர்ப் புட்டி. ஆளுக்கொரு மஞ்சப்பை, அதன்மேல் நமது ஏழு விதிகள் அச்சாகியிருந்தன. சங்க நிதியிலிருந்து ஆறு புதிய கூடாரங்கள். தோப்புக்காரரிடம் அனுமதி பெற்று மாந்தோப்பில் ஓரிரவு தங்கினோம். விறகு மூட்டவில்லை, சிறிய எரிவாயு அடுப்பில் சமைத்தோம். காலையில் புறப்படும்போது ஒரு காகிதத்துண்டுகூடத் தோப்பில் கிடையாது. மாணவர்கள் வரிசையாக நடந்து தரையைச் சோதித்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையாகவே இருக்கிறது.

அன்று கோயிலில் இன்னொரு கூட்டம் வந்திருந்தது. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்தார் ஐம்பது பேர் இருக்கலாம். பெண்களும் வயதானவர்களுமே மிகுதி. துணி மூட்டையில் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரித்து வாழையிலையில் உண்டார்கள். பிறகு கடையில் வாங்கிய தண்ணீர்ப் பாக்கெட்டுகளைக் கடித்துக் குடித்துவிட்டு அங்கேயே போட்டார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடைசெய்யப்பட்ட பொருள்களில் அந்தப் பாக்கெட்டும் ஒன்று. தடை ஒரு பக்கம், விற்பனை ஒரு பக்கம். எங்கள் மாணவன் ஒருவன் போய்ப் பணிவாகத்தான் எடுத்துச் சொன்னான். ஒரு மூதாட்டி சிரித்துக்கொண்டே, “சரி தம்பி, பொறுக்கிடறோம்” என்று குனிந்து இரண்டைப் பொறுக்கினார். பிறகு, “நீங்கள்லாம் எதுல வந்தீங்க?” என்று கேட்டார்.

“வேன்ல வந்தோம், பாட்டி.”

“குடுத்து வெச்சவங்க. நாங்க பஸ்ல. காஞ்சிபுரம் வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தேன்.”

அவர் குத்திக்காட்டவில்லை. பிள்ளைகள் சௌகரியமாக வந்தார்களே என்ற மகிழ்ச்சிதான் அந்தக் குரலில் இருந்தது. ஆனால் எனக்கு அது கணக்குக் கேள்வியாகவே காதில் விழுந்தது.

கணக்கைப் போடுவோமா? ஒரு மனிதன் ஒரு கிலோமீட்டர் நடக்க ஏறக்குறைய 200 கிலோ ஜூல் ஆற்றலைச் செலவிடுகிறான். அது அவன் உண்ட சோற்றிலிருந்து வருகிறது. மிதிவண்டியில் போனால் அதில் பாதி போதும். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகா ஜூல், அதாவது 36,000 கிலோ ஜூல் ஆற்றல் இருக்கிறது. லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடும் பஸ்ஸில் ஐம்பது பேர் போனால் ஆளுக்கு ஒரு கிலோமீட்டருக்கு 180 கிலோ ஜூல். வியப்பாக இல்லையா? நிறைந்த பஸ்ஸில் போகிறவர் எரிக்கும் ஆற்றல், நடந்து போகிறவர் எரிப்பதற்கு ஏறக்குறையச் சமம்! பெட்ரோலில் லிட்டருக்கு 34 மெகா ஜூல். லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் தரும் காரில் ஒருவர் தனியாகப் போனால் கிலோமீட்டருக்கு 2,270 கிலோ ஜூல். நால்வர் போனால் ஆளுக்கு 570. மோட்டார் சைக்கிளில் ஒருவருக்கு 680 அளவில் ஆகும். பஸ்ஸில் பத்தே பேர் இருந்தால் ஆளுக்கு 900 ஆகிவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பஸ் என்ற பெயருக்காக ஆற்றல் மிச்சமாகிவிடாது. கூட்டம்தான் அதை மிச்சமாக்குகிறது. நின்றுகொண்டே வந்த பாட்டிக்கு நம் கணக்கில் தனி மதிப்பெண் உண்டு.

இனி எங்கள் பயணத்துக்கு வருவோம். போக வர 160 கிலோமீட்டர். இரண்டு வேன்களும் லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் வீதம் 32 லிட்டர் டீசலைக் குடித்தன. அது 1,150 மெகா ஜூல். ஆளுக்கு 44. வெளியான கரியமில வாயு, லிட்டருக்கு 2.7 கிலோ வீதம், 86 கிலோ. வேன்கள் நிறைந்திருந்ததால் இவ்வளவோடு போயிற்று. கார்களில் போயிருந்தால் இன்னும் ஆகியிருக்கும். பாட்டியின் கூட்டத்துக்குப் போக வர 80 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்குச் சுமார் 14 மெகா ஜூல்.

நாங்கள் எதைச் சேமித்தோம்? கடைத் தண்ணீர்ப் புட்டிகளை வாங்கவில்லை. ஆளுக்கு இரண்டு என்றால் ஐம்பது புட்டிகள். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டியை உருவாக்கச் சுமார் 4 மெகா ஜூல் ஆகிறது என்று 2009-இல் கிளைக், கூலி என்ற இருவர் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆக, எங்கள் சேமிப்பு 200 மெகா ஜூல். அதாவது ஒரு புட்டியைத் துறப்பதால் கிடைக்கும் ஆற்றல், ஒரு காரை இரண்டு கிலோமீட்டர்கூட ஓட்டாது! முந்நூறு கிலோமீட்டர் காரில் போய் மலையில் பிளாஸ்டிக் புட்டி வாங்காமல் திரும்புபவர் தம்மை மெச்சிக்கொள்ளும் முன் இந்த எண்ணை நினைத்துப் பார்க்கலாம்.

அதோடு முடியவில்லை. அந்தச் சேமிப்புக்காக எவர்சில்வர் புட்டிகள் வாங்கினோம் அல்லவா? ஒரு கிலோ எவர்சில்வரை உருவாக்க ஐம்பது, அறுபது மெகா ஜூல் ஆகும். முந்நூறு கிராம் புட்டிக்குப் பதினேழு. இருபத்துநான்குக்கும் சேர்த்து 400. சேமித்ததைப்போல் இரண்டு மடங்கைப் போகும்போதே செலவழித்துவிட்டோம். ஆனால் எவர்சில்வர் புட்டியைப் பழிக்காதீர்கள். ஐந்து முறை அதில் நீர் நிரப்பினால் முதல் திரும்பிவிடுகிறது. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு லாபந்தான். எங்கள் தவறு, வீட்டில் ஏற்கெனவே புட்டி வைத்திருந்த மாணவர்களையும் ‘ஒரே மாதிரி இருக்கட்டும்’ என்று புதிது வாங்க வைத்ததுதான். அந்த யோசனை என்னுடையது.

மஞ்சப்பையின் கதையும் இதுவே. 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியபோது நான் மகிழ்ந்தேன். இன்றும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் பருத்தி விளைவிக்க நீர் வேண்டும், உரம் வேண்டும், நூற்க, நெய்ய ஆற்றல் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதல் என்ற ஒரே அளவுகோலில், ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்தினால்தான் ஒருமுறை மட்டும் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு அது ஈடாகும். நம் பாட்டிமார் ஒரே பையை ஆண்டுக்கணக்கில் துவைத்துப் பயன்படுத்தினார்கள். அவர்களுக்கு 131 ஒரு பொருட்டன்று. கல்யாண வீட்டில் ஒன்று, மாநாட்டில் ஒன்று, பசுமைப் பயணத்தில் ஒன்று என்று வீட்டுக் கதவின் பின்னால் பன்னிரண்டு பைகளைத் தொங்கவிட்டிருக்கும் நமக்குத்தான் அது பெரிய எண்.

கடைசியாகக் கூடாரங்கள். நைலான் துணியையும் அலுமினியக் கம்பியையும் சேர்த்துப் பார்த்தால் கிலோவுக்குச் சுமார் 120 மெகா ஜூல் என்று வைக்கலாம். அலுமினியத்தைத் தனியே எடுத்தால் இன்னும் அதிகம். கூடாரம் ஒன்று நான்கு கிலோ. ஆறு கூடாரங்கள் 24 கிலோ. பெருக்கிப் பாருங்கள்: 2,880 மெகா ஜூல்! இரண்டு வேன்களும் குடித்த டீசலைப்போல் இரண்டரை மடங்கு. ஓர் இரவு விரித்தோம், மடித்தோம். அடுத்த ஆறு மாதம் அவை கல்லூரிப் பண்டக அறையில் தூசி படிந்து கிடந்தன. முகாமைச் சுற்றிக் கோடு வரைந்தால் எங்கள் தடம் பூச்சியம். வீட்டு வாசலிலிருந்து கோடு வரைந்தால், அன்று கூரத்துக்கு வந்தவர்களில் எங்களைவிட அழுத்தமாகத் தடம் பதித்தவர் எவருமில்லை.

கூரத்தாழ்வான் வரலாற்றில் வைணவ மரபு சொல்லும் ஒரு செய்தி இங்கே நினைவுக்கு வருகிறது. பெருஞ்செல்வத்தை எல்லாம் கொடுத்துவிட்டு அவரும் மனைவி ஆண்டாளும் திருவரங்கத்துக்குக் காட்டுவழியே நடந்தார்களாம். வழியில் அச்சம் உண்டோ என்று அம்மையார் கேட்டார். கையில் ஏதாவது இருந்தால்தானே அச்சம் என்றார் அவர். கணவர் உண்பதற்காகத் தாம் ஒரு பொன் வட்டிலை மட்டும் எடுத்து வந்ததை அம்மையார் ஒப்புக்கொள்ள, அவர் அதை வாங்கி வீசி எறிந்துவிட்டார். கோயிலில் இக்கதையைக் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் முதுகில் ஆளுக்கு ஐந்தாறு கிலோ ‘பசுமைச் சாமான்’ இருந்தது.

அந்தக் காலப் பயணிக்குக் கூடாரம் வேண்டியதில்லை. காஞ்சிபுரத்துக்கு மேற்கே நெடுஞ்சாலையில் பாலுச்செட்டி சத்திரம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. சத்திரம் என்பது என்ன? ஆயிரம் பேர் மாறி மாறிப் படுத்த ஒரே கூரை. மண்டபமும் திண்ணையும் அப்படியே. பொருளை ஒருமுறை ஆக்கி ஓராயிரம் முறை பயன்படுத்தும் ஏற்பாடு அது. பழமை எல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாச் சாதியாருக்கும் எல்லாத் திண்ணையிலும் இடம் கிடைத்துவிடவில்லை என்பது நமக்குத் தெரியும். பொருளாதாரக் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

விதிகளுக்கு நியாயம் செய்ய வேண்டிய இடம் ஒன்றும் உண்டு. தீ மூட்டாதே என்பது பற்றி மாணவர்களுக்கு வருத்தம். கூடாரம் என்றால் நெருப்பைச் சுற்றி உட்கார வேண்டாமா? ஆனால் மூன்று கல் அடுப்பில் விறகின் ஆற்றலில் பத்து முதல் பதினைந்து விழுக்காடுதான் பாத்திரத்துக்குப் போய்ச் சேருகிறது. ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரச் சுமார் 300 கிலோ ஜூல் போதும். விறகு அடுப்பில் அதற்கு நூற்றைம்பது கிராமுக்குக் குறையாமல் காய்ந்த விறகு வேண்டும். எரிவாயு அடுப்பில் பத்துக் கிராம் எரிவாயு போதும். தோப்பு மரங்களின் அடியில் கிடக்கும் சுள்ளி அங்கேயே மட்கட்டும். இந்த விதி கூரத்திலும் சரி, கொலராடோவிலும் சரி.

நான்காம் விதிதான் எனக்கு உறுத்துகிறது: கண்டதைக் கண்டபடியே விடு. மனிதன் கைபடாத காடு என்ற எண்ணத்தில் பிறந்த விதி இது. அந்த எண்ணத்தையே அமெரிக்க வரலாற்றாசிரியர் வில்லியம் குரோனன் 1995-இல் கேள்விக்குள்ளாக்கினார். நம் ஊர்ப் பக்கம் கைபடாத நிலம் எங்கே இருக்கிறது? கூரம் செப்பேடு ஓர் ஏரியைப் பற்றிப் பேசுகிறது. பரமேசுவர தடாகம் என்று பெயர். அதற்குப் பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு என்ற கால்வாய் வெட்டப்பட்டது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் விட்ட தடம்! அந்தத் தடத்தை நீக்கிவிட்டால் இந்தச் சீமையில் வயலேது, தோப்பேது, ஏரிக்கு வரும் கொக்கும் நாரையும் ஏது? ஏரியைக் கண்டபடியே விட்டால் அது தூர்ந்துபோகும். ஆண்டுதோறும் யாராவது மண்ணெடுக்க வேண்டும், மதகைப் பார்க்க வேண்டும், கரையைப் பூச வேண்டும். குடிமராமத்து என்று நம் முன்னோர் சொன்னது அதைத்தான். 2016–17-இல் தமிழக அரசு அந்தப் பெயரிலேயே ஒரு திட்டத்துக்கு உயிர்கொடுத்தது. இத்தகைய நாட்டுக்கு வரும் பயணியிடம் ‘தொடாமல் பார், போ’ என்று மட்டும் சொல்வது போதாது. நாங்கள் அன்று செய்தது அதுதான்: ஏரிக்கரையில் நின்று பறவைகளைப் படம் பிடித்தோம், நீர்வரத்துக் கால்வாயில் அடைத்துக்கொண்டிருந்த குப்பையை எங்கள் முகாமுக்கு வெளியே இருந்ததால் பார்க்கவேயில்லை. படத்தைப் பெரிதாக்கியபோதுதான் அது தெரிந்தது.

இங்கே ஒரு வாசகர் குறுக்கிடக்கூடும்: ‘அப்படியானால் தண்ணீர்ப் பாக்கெட்டைக் கீழே போடுவது குற்றமில்லையா?’ குற்றம்தான். பாக்கெட் ஒன்றின் எடை ஓரிரு கிராம். அதை ஆக்கச் செலவான ஆற்றல் மிகச் சொற்பம். ஆனால் அதன் கேடு ஜூல் கணக்கில் அகப்படாது. அது மாட்டின் வயிற்றில் போய்த் தங்கும், கால்வாயை அடைக்கும், நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் மண்ணில் கிடக்கும். வெப்பநிலையைத் தராசில் நிறுக்க முடியாததுபோல், இரண்டு கேடுகளையும் ஒரே அலகால் அளக்க முடியாது. ஆகவே இரண்டு பேரேடுகள் வேண்டும். என் மாணவன் பாட்டியிடம் சொன்னது சரி. தன்னிடம் ஒரே பேரேடுதான் இருந்தது என்பது அவனுக்குத் தெரியாமல் போயிற்று. அவன் ஆசிரியருக்கும் தெரியவில்லை.

கண்ணுக்குத் தெரியும் தடத்துக்கு விதி எழுதுவது எளிது. புகைப்போக்கி வழியே போய்விடும் தடத்துக்கு விதி எழுத யாருக்கும் மனம் வருவதில்லை. ஏன்? ‘குப்பை போடாதீர்கள்’ என்றால் விடுதிக்காரருக்கு நட்டமில்லை. ‘இவ்வளவு தூரம் காரில் வராதீர்கள்’ என்றால் அவருக்கு அறை நிரம்பாது. விடுதி விளம்பரத்தில் மூங்கில் பல் துலக்கிக்கு ஒரு பத்தி இருக்கும். அருகில் எந்த ரயில் நிலையம், அங்கிருந்து எந்த பஸ் என்பதற்கு ஒரு வரிகூட இராது. ‘மட்கும் பிளாஸ்டிக்’ தட்டு என்பார்கள். அவற்றில் பல 60 பாகை அளவு வெப்பமுள்ள ஆலை உரக்கிடங்கில்தான் மட்கும், தோப்பு மண்ணில் மட்காது என்று சொல்லமாட்டார்கள்.

பெரிய கூட்டத்தில் இந்தக் கணக்கு எப்படி ஆகும் என்று பார்க்க வேண்டுமா? காஞ்சிபுரத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அத்திவரதர் வைபவம் 2019-இல் ஜூலை முதல் நாளிலிருந்து ஆகஸ்ட் 17 வரை நடந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வந்ததாகச் சொல்லப்பட்டது. ஒரு கற்பனைக் கணக்காக, ஒவ்வொருவரும் போக வர 150 கிலோமீட்டர் பயணம் செய்தார்கள் என்று கொள்வோம். எல்லாரும் நிறைந்த பஸ்ஸில் வந்தால் ஆளுக்கு முக்கால் லிட்டர் டீசல். மொத்தம் 75 லட்சம் லிட்டர். எல்லாரும் நான்கு பேராகக் காரில் வந்தால் ஆளுக்கு இரண்டரை லிட்டர் பெட்ரோல்; மொத்தம் இரண்டரைக் கோடி லிட்டர். வித்தியாசம் ஒன்றே முக்கால் கோடி லிட்டர். ஆளுக்கொரு பிளாஸ்டிக் புட்டி வாங்கியிருந்தால் அதை ஆக்கிய ஆற்றல் 12 லட்சம் லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். விழாக்களில் நாம் எதற்குத் தட்டி எழுதி வைக்கிறோம், எதற்கு எழுதுவதில்லை என்று கவனித்துப் பாருங்கள்.

கோட்டைச் சரியான இடத்தில் வரைந்த ஒரு நடவடிக்கை நம் மாநிலத்திலேயே உண்டு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் முதல் நாளிலிருந்து கோடைப் பருவத்துக்கு வரம்பும் வைக்கப்பட்டது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசு பஸ்ஸில் வருவோருக்கு இந்தத் தடை இருக்கவில்லை. வணிகர்கள் எதிர்த்தார்கள், அவர்கள் பிழைப்பைப் பற்றிய கவலையை நான் ஏளனம் செய்ய மாட்டேன். எனினும் வந்தவன் கையில் என்ன வைத்திருக்கிறான் என்று மட்டும் பார்க்காமல், எதில் வந்தான் என்று கேட்ட விதி இது. இத்தனை நாளும் எந்தப் பசுமைத் துண்டுப்பிரசுரமும் கேட்காத கேள்வியை மலையடிவாரச் சோதனைச் சாவடியில் கேட்டார்கள். வாகனத்தின் உள்ளே எத்தனை பேர் என்பதையும் வரம்பில் கணக்கிட்டிருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்கும். ஒருவர் மட்டும் இருக்கும் காரும் ஐவர் இருக்கும் காரும் ஒரே எண்ணிக்கையில் வருவது கணக்கில் விழுந்த ஓட்டை.

எங்கள் வகுப்பறைச் சுவரில் ஏழு விதிகள் இன்னும் இருக்கின்றன. கிழித்தெறிய மனமில்லை, தேவையுமில்லை. முதல் விதிக்குக் கீழே மட்டும் மாணவர்கள் கரிக்கோலால் எழுதியிருக்கிறார்கள்: ‘எதில்? எத்தனை பேர்? புதிதாக எதுவும் வாங்குகிறோமா?’ அடுத்த பயணத்துக்கு மின்சார ரயிலில் காஞ்சிபுரம் போய், அங்கிருந்து பஸ் பிடித்தோம். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒரு மாணவிக்கு வெயிலில் தலைசுற்றல் வந்துவிட்டது. நிழற்குடைகூட இல்லாத நிறுத்தத்தில் நிற்கச் சொல்லிவிட்டு ‘காரில் போகாதே’ என்று உபதேசம் செய்வது எவ்வளவு பொருந்தாத செயல் என்பது அன்று விளங்கியது. கால்வாய்க் குப்பையை அள்ள இம்முறை மண்வெட்டிகளைக் கிராமத்திலேயே இரவல் வாங்கிக்கொண்டோம். அரைநாளில் இருபது அடி நீளம்கூடச் சுத்தமாகவில்லை.

கூடாரங்களை இப்போது கேட்கும் கல்லூரிகளுக்கெல்லாம் இரவல் தருகிறோம். பண்டக அறைக் கதவில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. பாட்டியிடம் பேசிய அதே மாணவன்தான் அதை வைத்திருக்கிறான். ஒவ்வொரு கூடாரமும் எத்தனை இரவு விரிக்கப்பட்டது என்று எழுதி, 2,880-ஐ மொத்த இரவுகளால் வகுத்துப் பக்கத்தில் குறிக்கிறான். முதல் பயணத்தன்று ஆறு இரவு, இரவுக்கு 480 மெகா ஜூல். சென்ற வாரம் அறுபதைத் தொட்டது, இரவுக்கு 48. இரண்டாம் கூடாரத்தின் கம்பி ஒன்று வளைந்துவிட்டதாம். பட்டறையில் கொடுத்து நிமிர்த்த முடியுமா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.